வீடு கேளாத கடதாசி

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வார்க்கு, கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலப்பட்டையில் எதிர்ப்படும் ஊர் நாவற்குடா. கிழக்கே கடல் இரைந்துகொண்டிருக்கும். மேற்கே வாவி அமைதியாய்க் கிடக்கும். நடுவே வெண்மணலும் தென்னையும் வேலியடைத்த வளவுகளும். அவ்வளவுகளில் ஒன்றினுள் நுழைந்து, “இந்த வீடு யாருடையது?” என்று கேட்டுப் பாருங்கள். ஆண்மகன் ஒருவனின் பெயர் விடையாக வருவது அரிது. “இது அம்மாட வீடு” என்றோ, “மூத்த அக்காவுக்குக் குடுத்த வீடு” என்றோதான் விடை வரும்.

மட்டக்களப்பு நாட்டின் பழைய வழக்கம் இது. இங்கே குடி தாய்வழியாக வருவது. மணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வருவான்; வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். முக்குவர் சட்டம் என்ற பெயரில் நீதிமன்றங்கள் ஏற்றிருந்த வழமையின்படி முதுசொம் சகோதரியின் பிள்ளைகளைச் சென்றடைந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து அவ்வழமையின் சட்ட வலுவை அகற்றிற்று. அதே ஆண்டிலேயே கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பார் அதனை ஒரு நூலாக்கி வைத்தார். சட்டம் போயிற்று, சீதன வீடு மட்டும் போகவில்லை.

இவ்வழக்கத்தினால் விளைந்த பயன் ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் மனம் வேறுபட்டுப் பிரிய நேர்ந்தால், வெளியேறுகின்றவன் ஆண். பெண் இருந்த இடத்திலேயே இருப்பாள். அவளுடைய கிணறும், அடுப்பும், தாயும், தங்கையரும் அவளை விட்டு அகலா. யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கிழக்கிலே அக்கட்டு இல்லை. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி அவளுடைய ஆதனத்துக்கு அவளுடைய கையொப்பமே போதும். ஆகவே அவ்வீடு அவளை நோக்கி, “உன் விவாகம் என்னாயிற்று? அதற்குரிய கடதாசி எங்கே?” என்று ஒருநாளும் கேட்பதில்லை.

கேட்பது வீடன்று, உலகம். அது கேட்கும் நாளிலே பலருக்குக் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

எங்கள் அயல்வளவு மாமிக்கு நேர்ந்ததும் அதுவே. அவருடைய ஒரே மகள் கனடாவில் வாழ்கின்றார். தாயைத் தம்முடன் அழைத்துக்கொள்வதற்கான விண்ணப்பத்தை நிரப்புகையில், ‘மணமானவரா, விதவையா, விவாகரத்துப் பெற்றவரா?’ என்ற வினாவுக்கு வந்ததும் மகளின் எழுதுகோல் நின்றுவிட்டது. ‘விவாகரத்துப் பெற்றவர்’ என்று எழுதினால் அதற்குச் சான்று இணைக்க வேண்டும். இரவோடிரவாகத் தொலைபேசியிற் செய்தி வந்தது. மறுநாட் காலையில் மாமி வேலியருகே வந்து நின்றார்.

“மருமகன், அந்த மனிசன் போய் நாப்பது வருஷமாகுது. போனவர் போனதுதான். மறுகா என்ன கடதாசி?”

“கோட்டில வழக்குத் தீர்ந்ததுதானே, மாமி?”

“ஓம். அப்பாதான் எல்லாம் பாத்தவர். நான் ஒரு நாள் கூட்டில ஏறி நிண்டன். ரெண்டு கேள்வி கேட்டாங்க. பிறகு கடதாசி ஒண்டு வந்தது. பெட்டகத்துக்குள்ள கிடந்தது. சுனாமி கொண்டு போயிட்டு.”

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்தபோது இக்கரையோரத்தில் எத்தனையோ பெட்டகங்கள் போயின. பிறப்புச் சான்றிதழை இழந்தவர்கள் புதிய பிரதியைப் பெற்றார்கள். அடையாள அட்டையை இழந்தவர்களும் அவ்வாறே. விவாகரத்துக் கடதாசியை இழந்தவர்கள் மட்டும் பெரும்பாலும் வாளாவிருந்துவிட்டார்கள். அதை எங்கே கேட்பது என்பது தெரியாமை ஒரு காரணம். கேட்க வெட்கப்பட்டமை மற்றொரு காரணம்.

எது விவாகரத்து?

தேடப் புறப்படுமுன், தேடும் பொருள் இன்னதென்று தெளிதல் வேண்டும். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்ற விவாகம் ஒன்று, கணவன் மனைவி இருவரும் உயிரோடிருக்கையில், தகுதியுடைய நீதிமன்றத்தின் தீர்ப்பினாலன்றி வேறெவ்வகையாலும் அறாது. அதற்கு அச்சட்டம் மூன்று காரணங்களையே கூறுகின்றது: மணத்தின் பின் நிகழ்ந்த பிறர்மனைச் சேர்க்கை, தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல், மணவேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு அல்லது அதனையொத்த இயலாமை.

ஆகவே, இருபதாண்டு பிரிந்திருந்தமை விவாகரத்து ஆகாது. நொத்தாரிசு முன்னிலையில் ‘இனி உனக்கும் எனக்கும் தொடர்பில்லை’ என்று எழுதி ஒப்பமிட்ட உடன்படிக்கை விவாகரத்து ஆகாது. பொலிஸ் நிலையத்தில் எழுதிய முறைப்பாடும், ஊர்ப் பெரியோர் கூடித் தீர்த்துவைத்த தீர்ப்பும் அவ்வாறே. கணவன் காணாமற் போயிருப்பின் அது முற்றிலும் வேறொரு வழி. 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அத்தகையோரின் குடும்பத்தினர்க்குக் ‘காணாமைச் சான்றிதழ்’ என ஒன்றை ஏற்படுத்தியிருக்கின்றது. அதனை விவாகரத்தோடு மயங்கலாகாது. கோவிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாது விட்ட விவாகத்தையும் நீதிமன்றங்கள் சான்று கண்டு செல்லுபடியானதென ஏற்பதுண்டு. பதிவில்லை என்ற காரணத்தால் அது தானே அறுந்துவிடாது. இவற்றை அறியாது இரண்டாம் மணம் புரிந்தவர்கள், அம்மணம் செல்லாததாகிவிடத் துயருற்ற கதைகள் எல்லா ஊர்களிலும் உண்டு.

சட்டமும் இந்நாட்டில் எல்லார்க்கும் ஒன்றன்று. நாவற்குடாவிலிருந்து அதே வீதியில் இன்னுஞ் சிறிது தெற்கே சென்றால் காத்தான்குடி. அங்கே வாழும் முஸ்லிம்களின் விவாகமும் விவாகரத்தும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிகழ்வன; விவாகரத்து காதியாரின் முன்னிலையில் நிகழ்வது. அப்பதிவைக் காதியாரின் வழியே தேடவேண்டும். மலைநாட்டிலே 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டியர் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மணந்தோர்க்கு மாவட்டப் பதிவாளரே விவாகரத்து வழங்குகின்றார். இருவரும் ஒருமித்து விரும்பினும் அங்கே போதும். எங்கள் ஊரவர்க்கோ மாவட்ட நீதிமன்றம் ஒன்றே வழி. ஆதலால், பிறப்புச் சான்றிதழைப்போல இதனையும் பிரதேச செயலகத்திற் பெறலாம் என்றெண்ணிச் செல்பவர்கள் வெறுங்கையுடன் திரும்புவர். அங்கே கிடைப்பது விவாகச் சான்றிதழ். விவாகம் அறுந்தமைக்குரிய தீர்ப்பின் தாயேடு இருப்பது நீதிமன்றத்தில்.

கடல் கடந்த நாடுகளிலும் நிலைமை பெரிதும் இதுவே. அமெரிக்காவில் ‘கவுண்டி’ எனப்படும் வட்டாரந்தோறும் நீதிமன்ற எழுத்தர் ஒருவர் உளர். வழக்கு எந்த வட்டாரத்தில் நடந்ததோ அங்கேதான் தீர்ப்பின் பிரதியைக் கேட்கவேண்டும். கனடாவில் 1968ஆம் ஆண்டு முதல் விவாகரத்து வழக்குகளுக்கு ஒட்டாவாவில் நடுவண் பதிவகம் ஒன்றிருப்பினும், தீர்ப்பின் பிரதியைக் கொடுப்பது அதனை வழங்கிய நீதிமன்றமே. இங்கிலாந்தில் மட்டும் 1858ஆம் ஆண்டிலிருந்து விவாகரத்துகளின் அட்டவணை இலண்டனில் ஓரிடத்தே பேணப்பட்டு வருகின்றது. எங்கும் முதல் வினா ஒன்றே: வழக்கு நடந்தது எங்கே?

ஞாபகத்தின் நாட்காட்டி

மாமியின் வழக்கு நடந்தது மட்டக்களப்பில், அதில் ஐயமில்லை. அடுத்த வினாவே கடினமானது. எப்போது?

வழக்கேடுகள் பெயரால் அடுக்கப்படுவதில்லை, இலக்கத்தால் அடுக்கப்படுகின்றன. இலக்கம் தெரியாதவர் ஆண்டையாவது கூறவேண்டும். ஆண்டு தெரிந்தால் அவ்வாண்டின் வழக்குப் பதிவேட்டில் வழக்காளி, எதிராளி பெயர்களைத் தேடி இலக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். மாமிக்கு ஆண்டு தெரியாது. ஆனால் அவர் ஞாபகத்தில் வேறொரு நாட்காட்டி இருந்தது.

“சூறாவளி அடிச்சக்குள்ள மகள் தவழுறாள். மனிசன் அதுக்குப் பிறகுதான் போனவர். கடதாசி வந்தது அவள் முதலாம் வகுப்புக்குப் போன வருஷம். வெள்ளைச் சட்டை தைக்கக் காசில்லாம இருந்தன்; அதால ஞாபகம்.”

மட்டக்களப்பை அழித்த சூறாவளி வீசியது 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி. அப்பொழுது தவழ்ந்த பிள்ளை முதலாம் வகுப்புக்குச் சென்றது 1983இல். ஆகவே கடதாசி வந்த ஆண்டு 1983. ஆயின் வழக்கிலக்கம் வழக்கு முடிந்த ஆண்டுக்குரியதன்று, தொடங்கிய ஆண்டுக்குரியது. ஒருதலையாக விளங்கிய வழக்காயினும் அழைப்பாணை சேர்ப்பிக்கவும் தவணை போடவும் மாதங்கள் கழியும். எனவே 1982ஆம் ஆண்டிலிருந்து தேடுவது என்று முடிவு செய்தோம். தேடுவோர் பலர் இடறி விழும் இடம் இதுவே: முடிந்த ஆண்டின் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, ‘ஏடு இல்லை’ என்று வீடு திரும்புவர்.

புறப்படுமுன் விவாகச் சான்றிதழின் பிரதி ஒன்றையும் பிரதேச செயலகத்தில் எடுத்துக்கொண்டோம். இது வீண் வேலையன்று. ஊரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர் என வழங்குவது நம்மவர் இயல்பு. வழக்கு விவாகப் பதிவிலுள்ள பெயரிலேயே தொடுக்கப்பட்டிருக்கும். ‘ம’கரத்துக்கும் ‘மு’கரத்துக்கும் உள்ள வேற்றுமையால் ஓர் ஏடு அகப்படாது போவதும் உண்டு, பழைய பதிவுகள் ஆங்கில எழுத்தில் இருப்பின் சொல்லவே வேண்டாம்.

விண்ணப்பம் நீதிமன்றப் பதிவாளர்க்கு எழுதப்பட்டது. இருவருடைய முழுப்பெயர்கள், விவாகப் பதிவின் இலக்கமும் திகதியும், வழக்கு நடந்ததாகக் கருதும் ஆண்டுகள், மாமி அவ்வழக்கில் யார் என்பது, பிரதி எதற்கு வேண்டும் என்பது: இவ்வளவும் ஒரு தாளில் அடங்கின. அடையாள அட்டையின் பிரதி இணைக்கப்பட்டது. நேரே வரமுடியாது வெளிநாட்டிலிருப்போர் அற்றோணித் தத்துவம் கொடுத்து உறவினரையோ, சட்டத்தரணி ஒருவரையோ அனுப்புவது வழக்கம்.

இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்தல் வேண்டும். பிரதி பெறுவது சலுகையன்று, உரிமை. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் நீதிமன்றங்களின் ஏடுகளைப் பகிரங்க ஆவணங்கள் என்கின்றது. அவற்றைப் பார்வையிடும் உரிமையுடையவர் உரிய கட்டணத்தைச் செலுத்திக் கேட்டால், பொறுப்பான உத்தியோகத்தர் பிரதி வழங்குதல் வேண்டும் என்றும், அதன் அடியில் ‘உண்மைப் பிரதி’ என எழுதித் திகதியிட்டுத் தம் பெயரும் பதவியும் குறித்து ஒப்பமிடுதல் வேண்டும் என்றும், முத்திரை உள்ள இடத்து முத்திரையும் பதித்தல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. ஒப்பமும் முத்திரையும் இல்லாத ஒளிப்படப் பிரதி எத்துணைத் தெளிவாயினும் சான்றாகாது.

மற்றொன்று. வழக்கேடு முழுவதையும் கேட்க வேண்டியதில்லை. அதற்குள்ளே ஒரு குடும்பத்தின் கண்ணீர் முழுவதும் கிடக்கும். குற்றச்சாட்டும் மறுப்பும் சாட்சியமும் கிடக்கும். வெளிநாட்டு அலுவலகத்துக்கு வேண்டியது இறுதித் தீர்ப்பின் பிரதி மட்டுமே. வேண்டாததை வெளியே எடாமல் இருப்பதும் ஒரு நாகரிகம்.

இரண்டு தீர்ப்புகள்

பழைய ஏடுகள் உள்ள இடத்திலிருந்து இலக்கம் கண்டு எடுத்து வரச் சில வாரங்கள் சென்றன. அழைப்பு வந்ததும் மாமியும் நானும் சென்றோம். 1924ஆம் ஆண்டின் இரும்புப் பாலம் பக்கத்திலே ஓய்ந்து நிற்க, 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மீது எங்கள் முச்சக்கர வண்டி சென்றது. வழியெல்லாம் மாமி பேசவில்லை. கோட்டையிருந்த திசையைப் பார்த்து, “அண்டைக்கு அப்பாவோட பஸ்ஸில வந்தன்” என்று மட்டும் கூறினார்.

மங்கிய நூல் கொண்டு கட்டிய ஏடு. ஓரம் பழுத்திருந்தது, எழுத்து அழியவில்லை. அதிலே தீர்ப்பு ஒன்றன்று; இரண்டு இருந்தன.

விவாகரத்துக் கடதாசி தேடுவோர் யாவரும் அறிந்திருக்கவேண்டிய நுட்பம் இது. குடியியல் நடவடிக்கைக் கோவையின்படி, நீதிமன்றம் முதலில் வழங்குவது ‘நைசை’ என்று கூறப்படும் முதற்றீர்ப்பு. அது வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதமேனும் கழிய வேண்டும். இருவரும் கூடிச் சதி செய்து தீர்ப்புப் பெற்றார்கள் என்றோ, முக்கியமான உண்மை மறைக்கப்பட்டது என்றோ எவரேனும் காரணங் காட்ட அந்த இடைக்காலம் விடப்படுகின்றது. தக்க காரணம் எதுவும் காட்டப்படாவிடின், அத்தவணை கழிந்தபின் அது ‘அப்சலூட்’ என்னும் இறுதித் தீர்ப்பாக்கப்படும். விவாகம் அறுவது அந்த இறுதித் தீர்ப்பினாலேயே. முதற்றீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வழக்கு முடிந்தது என்று எண்ணி வாழ்ந்தவர்கள் உளர். வெளிநாட்டார் அதனைத் திருப்பி அனுப்பும்போதுதான் அவர்களுக்கு விளங்கும். அத்தகையோர் ஏட்டில் இறுதித் தீர்ப்புப் பதிவாகியிருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்; இல்லையேல் சட்டத்தரணியின் உதவியுடன் நீதிமன்றத்தையே மீண்டும் நாடுதல் வேண்டும்.

நல்வினையாக மாமியின் ஏட்டில் இரண்டும் இருந்தன. முதற்றீர்ப்பும், மூன்று மாதங் கடந்து வந்த இறுதித் தீர்ப்பும். பெட்டகத்திற் கிடந்தது எது என்பதை இனிக் கடல் ஒன்றே அறியும்.

பிரதி கைக்கு வந்ததும் வெளியே வேப்பமர நிழலில் இருந்துகொண்டு, “வாசி, மருமகன்” என்றார் மாமி. ஆங்கிலத்திலிருந்ததைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தேன். வழக்காளி, எதிராளி, திகதி, விவாகப் பதிவிலக்கம். பின்னர் அந்த ஒரு வரி: எதிராளி வழக்காளியைத் தீய எண்ணத்துடன் கைவிட்டுச் சென்றமை காரணமாக விவாகம் அறுக்கப்படுகின்றது.

“மறுகா ஒருக்கா வாசி” என்றார். வாசித்தேன்.

அப்பொழுதுதான் எனக்கு ஓர் உண்மை உறைத்தது. சீதன வீட்டு வழக்கம் பெண்ணுக்குக் கூரையைத் தந்தது. ஆனால் ஒரு பழியையும் தந்தது. வீடு அவளுடையதாக இருக்க, அவன் வெளியே போனான் என்றால், ஊர் என்ன சொல்லும்? ‘அவள் துரத்திவிட்டாள்’ என்று சொல்லும். எங்கள் ஊரும் நாற்பதாண்டாக அவ்வாறுதான் சொல்லிக்கொண்டிருந்தது. சிறுவனாய் இருந்தபோது நானும் கேட்டிருக்கின்றேன், நம்பியும் இருக்கின்றேன். நீதிபதி ஒருவர் சாட்சியம் கேட்டு, சட்டத்தை நோக்கி, போனவன்தான் கைவிட்டான் என்று எழுதி ஒப்பமிட்டு வைத்திருந்தார். அவ்வெழுத்து இரண்டு மைல் தொலைவில் நூலாற் கட்டுண்டு கிடந்தது. ஊர் அதனை வாசிக்கவில்லை. மாமியும் வாசிக்கவில்லை. மகளை வழிநடத்திய தந்தையார் ஒருவரே அதனை அறிந்திருத்தல் கூடும். அவர் அதனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். விவாகரத்து என்பது வெளியே சொல்லத்தகாத சொல் என்று கருதிய காலம் அது.

வெட்கத்தாற் பூட்டிவைக்கும் கடதாசிகளில், வெட்கப்பட வேண்டியவன் வேறொருவன் என்று எழுதியிருத்தல் கூடும் என்பதை நாம் நினைப்பதில்லை.

அதன்பின் நடக்க வேண்டியவை எல்லாம் எளியனவே. சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுமோ என்று மகளிடம் கேட்டோம். ஆங்கிலத்திலேயே இருந்தமையால் தேவைப்படவில்லை. கிழக்கு நீதிமன்றங்களின் ஏடுகள் தமிழிலும் எழுதப்படுவதுண்டு. அத்தகைய தீர்ப்பை வெளிநாட்டுக்கு அனுப்புவோர் மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டியிருக்கும். கேட்கும் நாடு வேண்டுமாயின் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவினது சான்றையும் பெறவேண்டியிருக்கும்.

பிரதியை உறையிலிட்டு எழ முற்பட்டபோது மாமி என் கையைப் பிடித்தார்.

“இதில இன்னொண்டு எடுக்கலாமா?”

“எடுக்கலாம், மாமி. மகளுக்கு ஒண்டு போதுமே?”

“மகளுக்கு இல்ல. வீட்டு உறுதியோட வைக்க. வளவு பேத்திக்குத்தானே போகப்போகுது. உறுதியைப் பாக்கிற நேரம் இதையும் பாக்கட்டும்.”

மீண்டும் உள்ளே சென்று மற்றொரு விண்ணப்பம் எழுதினேன்.